இலைக் குழியில் தங்கம்

பல் டாக்டரைக் கட்டிக்கொண்டால் வீடெல்லாம் கிராம்புத் தைலம் மணக்கும் என்று தோழிகள் என்னை எச்சரித்தார்கள். சால்டரிங் புகை நாறும் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. என் கணவர் நாச்சிமுத்துவுக்குப் பெருந்துறையில் கிளினிக். பகலில் ஊரார் வாய்க்குள் விளக்கடித்துப் பார்ப்பார். கிளினிக்கைப் பூட்டியதும் மாடியறைக்குப் போய்ப் பழைய மெட்டல் டிடெக்டர்களைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். புது மாடல் எதுவும் அவருக்கு ஆகாது. திரையில் எண் காட்டுகிற கருவியெல்லாம் பொம்மையாம். டயலைத் திருகி, ஹெட்போனை மாட்டி, காதால் கேட்டுக் கண்டுபிடிப்பதுதான் கருவியாம். அந்தப் பழைய ஜாதிக் கருவிகள் மாடி நிறைய இருக்கின்றன.

நான் செல்வநாயகி, கணக்கு டீச்சர். இந்த வருஷக் கல்யாண நாளுக்கு வளையல் கேட்டேன். அவர் என் கடைவாய்ப் பல்லுக்குத் தங்கத்தில் உறை போட்டுவிட்டார். ஒருத்தருக்கும் காட்ட முடியாத நகை அது. சரி, கொடுத்துவைத்தது அவ்வளவுதான் என்று இருந்துகொண்டேன்.

வம்பு ஆரம்பித்தது உக்கடம் பழைய இரும்புக் கடையிலிருந்து அவர் தூக்கி வந்த ஒரு கருவியால். ராணுவத்தில் கண்ணிவெடி தேடியதாம். நீளக் கம்பின் நுனியில் தோசைக்கல் அகலத்துக்குக் கம்பிச் சுருள், கைப்பிடியில் பச்சைப் பெட்டி. உள்ளே ஒரு கண்டென்சர் செத்துப்போயிருந்தது. அந்த அளவில் இப்போது எங்கும் கிடைப்பதில்லை. இவர் சும்மா இருப்பாரா? கிளினிக்கில் ஓய்வு கொடுத்திருந்த பழைய எக்ஸ்ரே மெஷினிலிருந்து ஒன்றைக் கழற்றிப் போட்டார். கருவி உயிர் பெற்றது. இரும்பைக் கண்டால் எருமை மாதிரி முனகும், தங்கத்தைக் கண்டால் காதோரக் கொசு மாதிரிப் பாடும்.

முதல் நாளே எங்கள் வீட்டுப் பின்பக்கம், துவைக்கிற கல்லோரமாகக் கொசு பாடியது. முழங்கை ஆழத்துக்குத் தோண்டினார். ஒன்றுமில்லை. இந்தக் கருவிப் பைத்தியங்களின் கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு: தோண்டிய குழியை மூடாமல் இடத்தை விட்டு நகரக் கூடாது. அன்றைக்கு யாரோ பல்வலி என்று கதவைத் தட்ட, இவர் அப்படியே போய்விட்டார். ஏறக்குறைய பத்து நாள் கழித்துத் துணி வாளியோடு போன நான் அந்தக் குழிக்குள் காலை விட்டு விழுந்தேன். கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. காதுத் தோட்டின் தங்கத் திருகாணி கழன்று குழிக்குள் போய்விட்டது.

இன்னொரு கருவியை எடுத்துவந்து திருகாணியைத் தேடி எடுத்தவர், என் காலைப் பார்க்கவில்லை. குழியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏஞ் செல்வி, நீ விழுந்தது நல்லதாப் போச்சு" என்றார்.

"காலு வீங்கிக் கெடக்குது. இதுல நல்லது எங்கீங்க இருக்குது?"

"அன்னிக்குச் சத்தம் வந்தப்ப இங்க தங்கம் இல்ல. இப்ப இருக்குது. மெசின் பொய் சொல்லல. முந்திச் சொல்லியிருக்குது."

சுளுக்குக்கு எண்ணெய் நீவிவிட்டுக்கொண்டே விளக்கினார். அந்தக் கருவிக்குள் இரண்டு பேர் பாடுகிறார்களாம். ஒருவர் சுருளில், ஒருவர் பெட்டியில். சுருதி சேர்ந்திருக்கும் வரை நமக்கு ஒன்றும் கேட்காது. உலோகம் பக்கத்தில் வந்தால் சுருள்காரர் சுருதி விலகுவார். அந்த விலகல்தான் காதில் விழும் சத்தம்.

"இப்ப எக்ஸ்ரே கண்டென்சர் போட்டதுல, சுருள்காரரு இனி வரப்போற பத்தாவது நாள்ல போய் நின்னுட்டுப் பாடறாரு."

"எப்புடிப் போனாரு?"

"அது தெரிஞ்சா நான் எதுக்குப் பல்லுப் புடுங்கீட்டு இருக்கறேன்?"

நான் விடவில்லை. நீங்கள் தோண்டாவிட்டால் நான் விழுந்திருக்க மாட்டேன், நான் விழாவிட்டால் அங்கே தங்கமே இருந்திருக்காது, தங்கம் இல்லாவிட்டால் உங்கள் மெஷின் எதைக் கேட்டுப் பாடியது என்றேன். நல்ல கேள்விதான் என்று ஒத்துக்கொண்டு, எண்ணெய்க் கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். அடுத்து கிளினிக் படிக்கட்டில் எருமை முனக, அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு வைத்தார். பத்து நாள் கழித்து ஒரு பேஷண்டின் சாவிக்கொத்து கைதவறி அந்த வட்டத்துக்குள்ளேயே விழுந்ததை நானும் பார்த்தேன். அதன் பிறகு நம்பாமல் என்ன செய்வது?

அந்தச் சமயத்தில்தான் என் அண்ணன் ரங்கசாமியின் மகள் கிருத்திகாவுக்குக் கல்யாணம் கூடியிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா அர்த்தநாரி திருச்செங்கோட்டுக்காரர், போர்வெல் ரிக் வண்டிகள் வைத்திருக்கிறார். நிச்சயம் முடிந்ததும் சம்பந்தி முறைக்காக என் கணவர் அவருடைய உடைந்த முன்பல்லுக்கு உறை மாட்டினார். வெள்ளையில் போடலாம் என்று இவர் சொல்ல, தங்கம்தான் வேண்டும், கல்யாண வீடியோவில் தெரிய வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த மனிதர் சிரிப்பதற்குக் காரணம் தேடிக்கொண்டே இருந்தார்.

முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அண்ணன் மண்டபத்துக்குப் பாத்திரம் பண்டம் பேசப் போனார். அந்த மண்டபம் இருக்கும் இடம் ஒரு காலத்தில் வாரச்சந்தை. பழங்காசு கிடைக்கும் என்று நாக்கில் எச்சில் ஊற என் கணவரும் கருவியோடு கூடவே போனார். அவர் இப்போதெல்லாம் அந்த ஒன்றைத் தவிர வேறு கருவியைத் தொடுவதே இல்லை. மண்டபத்துக்குப் பின்னால் எச்சில் இலை கொட்டுவதற்காகப் புதிதாக ஒரு குழி வெட்டியிருந்தார்கள். வெறும் மண். அதற்கு மேலே சுருளைக் கொண்டுபோனதும் கொசு பாடியிருக்கிறது.

மறுநாளும் போய்ப் பார்த்தார். சத்தமே இல்லை. இதை மனதுக்குள் வைத்துக்கொள்ளத் தெரிந்தவராக இருந்தால் அவர் என் கணவராக இருக்க மாட்டார். அண்ணன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்த இடத்தில், முகூர்த்த நாளன்று இலைக் குழிக்குள் தங்கம் விழப்போகிறது, மறுநாள் அது அங்கே இருக்காது, யாரோ எடுத்துவிடுவார்கள் என்று கொட்டிவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும். பல் டாக்டர் வாய்க்கு மட்டும் விலக்கு உண்டா?

"தங்கம்னா என்ன தங்கம்?" என்று அண்ணி வசந்தாமணி கேட்டாள். அவள் கையிலிருந்த குழம்புக் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"சின்னதுங்க. தாலி அளவுக்கு இருக்கும்."

மோதிரம் அளவுக்கு என்று சொல்லியிருக்கலாம். மூக்குத்தியை விடப் பெரியது என்று சொல்லியிருக்கலாம். இவர் வாயில் அந்தச் சொல்தான் வர வேண்டுமா? கல்யாணத்துக்கு ஆயிரம் பேர் வருவார்கள், ஆயிரம் பேரின் காதிலும் கழுத்திலும் கையிலும் தங்கம் இருக்கும், அத்தனையிலும் தாலியே விழுவதற்கு என்ன வாய்ப்பு என்று நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். அண்ணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். கணக்கு டீச்சருக்கு வீட்டில் இருக்கிற மரியாதை அவ்வளவுதான்.

செய்தி திருச்செங்கோட்டுக்குப் போய்ச் சேர அதிக நேரம் ஆகவில்லை. வேறு யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். அர்த்தநாரி பூமிக்குள் இருப்பதைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் நம்புகிறவர். உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்க்கிற ஆள் இல்லாமல் அவருடைய வண்டி ஒரு குழியும் போடாது. தாலி மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவருவது, தொலைந்தால் பழி தங்களுக்குத்தான் என்று அவருக்கு ஒரே கலக்கம். அதைவிடப் பெரிய கலக்கம் அந்த எடுக்கப்போகிறவர் யார் என்பது.

அந்தப் பத்து நாளும் எங்கள் குடும்பம் இருந்த இருப்பு இருக்கிறதே, எதிரிக்கும் வரக் கூடாது. அண்ணி சமையல்காரர்களைச் சந்தேகப்பட்டாள். அர்த்தநாரி வீட்டுப் பெண்கள் அண்ணியைச் சந்தேகப்பட்டார்கள். அண்ணன் மண்டபத்து வாட்ச்மேனை மாற்றச் சொல்ல, மண்டபக்காரர் கோபித்துக்கொண்டார். இன்னும் விழாத ஒரு நகைக்கு, இன்னும் எடுக்காத ஒரு திருடனைத் தேடி, ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொண்டு திரிந்தார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது. கடைசியில் குழியைத் தார்ப்பாய் போட்டு மூடுவது, இலைகளை டிராக்டரில் ஏற்றி வெளியே அனுப்புவது, குழிக்குக் காவல் போடுவது என்று முடிவானது. யாரைக் காவலுக்குப் போடுவது என்பதில்தான் இழுபறி. யாரை யார் நம்புவது?

கல்யாணத்தன்று காலையில் நான் பின்பக்கம் போய்ப் பார்த்தபோது, இலைக் குழியை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பட்டு வேட்டி சட்டையில் அர்த்தநாரியே உட்கார்ந்திருந்தார். தாலி எங்கே என்று கேட்டேன். நெஞ்சைத் தட்டிக் காட்டினார். சட்டைக்கு உள்ளே பனியன் பையில் வைத்திருக்கிறாராம்.

"சம்பந்திங்க, சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது. தாலி இந்தக் குழிக்குள்ள விழுந்துருமோன்னுதானுங்க பயம்?"

"ஆமுங்க."

"அப்ப இந்தத் தாலி இருக்கக் கூடாத எடம் இந்த ஜில்லாவுலயே இது ஒண்ணுதானுங்க. அதை நெஞ்சுல வெச்சுட்டு நீங்க இங்கயே வந்து உக்கோந்திருக்கறீங்க."

கொஞ்சம் யோசித்தார். பிறகு சிரித்தார். வெயிலில் பல் மின்னியது.

"என்ற கண்ணு முன்னால குழி இருக்குது. என்ற நெஞ்சுல தாலி இருக்குது. ரெண்டையும் ஒண்ணாப் பாத்துக்க நான் ஒருத்தந்தானுங்க இருக்கறேன். வேற யாரை நம்பறது, சொல்லுங்க" என்றார்.

சம்பந்தி வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கிறார் என்று அண்ணியிடம் சொன்னேன். அவள் பதறிப்போய், சீர்த்தட்டிலிருந்து முறுக்கும் பொருள்விளங்கா உருண்டையும் எடுத்துக் கொடுத்தனுப்பினாள். எங்கள் அண்ணி பிடிக்கிற பொருள்விளங்கா உருண்டையைச் சாப்பிடுவதற்கு முன் அம்மிக்கல்லில் வைத்துத் தட்ட வேண்டும். அவருக்கு அம்மிக்கல் யாரும் கொடுக்கவில்லை.

முகூர்த்த நேரம் நெருங்கியதும் அர்த்தநாரி மேடைக்கு வந்தார். பனியன் பையிலிருந்து தாலியை எடுத்துத் தட்டில் வைத்தார். அதைப் பார்த்ததும் அண்ணன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேளம் கொட்டியது, தாலி ஏறியது, அட்சதை விழுந்தது. எல்லாம் முடிந்தது, தப்பித்தோம் என்று நான் நிமிர்ந்தபோதுதான் கவனித்தேன். அர்த்தநாரி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். பெண்ணும் மாப்பிள்ளையும் காலில் விழுந்தார்கள். தலையில் கை வைத்தார், வாயைத் திறந்து ஒரு வார்த்தை வாழ்த்தவில்லை. வீடியோக்காரர் சிரிக்கச் சொன்னார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டு, ஏதாவது குறையா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டல். பந்திக்குக் கூப்பிட்டார். வேண்டாம் என்று கையாட்டல். அவ்வளவுதான், மண்டபம் முழுக்கக் காற்று மாறிவிட்டது. சம்பந்தி சாப்பிடாத கல்யாணத்தில் அவர் பக்கத்து ஆள் ஒருத்தராவது இலையில் கை வைப்பாரா? முதல் பந்தியில் இலை போட்டுப் பரிமாறியிருந்தது, திருச்செங்கோட்டுக்காரர்கள் அத்தனை பேரும் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள். தங்களைத் திருடர்கள் என்று நினைத்துக் காவலுக்கு ஆள் உட்கார வைத்துவிட்டார்கள் என்று அந்தப் பக்கம் ஒரு பேச்சு கிளம்பியது. காவல் உட்கார்ந்தது அவர்களுடைய ஆளேதான் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் நினைவில்லை.

கிருத்திகா மாலையும் கழுத்துமாக என்னிடம் வந்தாள்.

"அத்தை, மாமனாருக்கு என்னைப் புடிக்கலையா? ஒரு வார்த்தை பேச மாட்டீங்கறாரு."

தாலி ஏறிச் சோறு ஆறுவதற்குள் ஒரு பெண் கேட்கிற கேள்வியா இது? நேரே போய் என் கணவரின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துவந்தேன். இத்தனையும் உங்கள் மெஷினால் வந்தது, இப்போதே ஏதாவது செய்யாவிட்டால் மாடியில் இருப்பதை எல்லாம் உக்கடத்துக்கே எடைக்குப் போடுவேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. யோசனையில் இருந்தார்.

"தாலி விழல. ஆனா மெசின் பொய் சொல்லாது, செல்வி. அந்தக் குழிக்குள்ள தங்கம் இருக்குது."

காரில் இருந்து வேறொரு கருவியை எடுத்துவந்தார். இன்றைக்கு இருப்பதை இன்றைக்கே சொல்கிற ஒழுங்கான கருவி அது. தார்ப்பாயின் ஒரு மூலை ஏற்கெனவே தூக்கியிருந்தது. உள்ளே சுருளை நீட்டியதும் கொசு பாடியது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கியவர், கையில் ஒரு பொருள்விளங்கா உருண்டையோடு ஏறி வந்தார். ஒரு கடி கடித்த உருண்டை. அதைச் சுருளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் பாட்டு ஓங்கியது. கல்லில் வைத்து ஓங்கித் தட்டினார். பாசிப்பயறுக்கும் வெல்லத்துக்கும் நடுவிலிருந்து ஒரு தங்கப் பல் உருண்டு வந்தது.

அவர் அதைத் துடைத்து, கண்ணுக்கு அருகே வைத்து, உறையின் உட்பக்கத்தைப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது.

"இது நாங் கட்டுன பல்லு. பசை புடிக்கவே இல்ல."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மெஷின் மட்டும் பேசாமல் இருந்திருந்தால் அந்த மனிதர் அந்தக் குழியோரம் உட்கார்ந்திருக்கவே மாட்டார். மணமேடையில் காபி குடித்துக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டிருப்பார். குழிக்குள் விழுந்த தங்கம் அதைக் காவல் காத்தவரின் வாயிலிருந்துதான் விழுந்தது. பத்து நாளாக எல்லோரும் தேடிய அந்த எடுக்கப்போகிறவர் என் முன்னால் மண் அப்பிய பட்டு வேட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

மாப்பிள்ளை அறைக்கு அர்த்தநாரியைக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினோம். பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, பாதிச் சொல் காற்றாய்ப் போக, அவர் நடந்ததைச் சொன்னார். உருண்டையைக் கடித்தாராம், அசையவில்லையாம். சம்பந்தி வீட்டுப் பலகாரத்தை வீசினார் என்று பேர் வரக் கூடாதே என்று தார்ப்பாயைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டாராம். அதற்குப் பிறகுதான் நாக்கு போய் ஓட்டையைத் தொட்டதாம், அதற்குள் முகூர்த்தத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்களாம்.

"என்னைக் கூப்புட்டுச் சொல்லியிருக்கலாமுங்களே" என்றார் என் கணவர்.

"டாக்டரே, நீங்க கட்டுன பல்லு உங்க வீட்டுக் கல்யாணத்துலயே விழுந்துருச்சுன்னு நாஞ் சொன்னா, சனம் உங்களை என்னன்னு பேசும்? அதாங்க வாயே தொறக்கல."

வீடியோவுக்குப் பயந்தது பாதி இருக்கும். ஆனால் மீதிப் பாதி உண்மை என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த எரிச்சல் எல்லாம் அந்த நிமிஷமே போய்விட்டது. என் கணவர் காரில் இருந்த அவசரப் பெட்டியை எடுத்துவந்து, பஞ்சு வைத்து ஈரத்தை ஒற்றி, தற்காலிகப் பசை வைத்து உறையை அழுத்திப் பிடித்தார். இன்றைக்கு ரசம் சாதமும் பாயாசமும் மட்டும் என்று உத்தரவு போட்டார்.

அர்த்தநாரி அறையை விட்டு வெளியே வந்து, நேராகக் கிருத்திகாவிடம் போய், "நல்லா இருக்கோணும் சாமி" என்று அந்தப் பல் முழுசாகத் தெரியச் சிரித்தார். வீடியோக்காரர் ஓடி வந்தார். திருச்செங்கோட்டுக்காரர்கள் ஒரே சமயத்தில் நாற்காலியை இழுத்த சத்தத்தில் மேளக்காரர் திரும்பிப் பார்த்தார். பல் கதை எங்கள் மூன்று பேரோடு நின்றது. சம்பந்திக்குக் காலையிலிருந்து மௌன விரதம் என்று நான்தான் அண்ணியிடம் சொல்லி வைத்தேன்.

ஊர் திரும்பியதும் அந்தக் கண்டென்சரைக் கழற்றிவிட வேண்டும் என்று அவரே சொன்னார். முன்கூட்டிக் கேட்டு நாம் என்னத்தைக் கண்டோம், விழுகிறது விழுந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்றார். இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன ஒரே புத்தியான பேச்சு அதுதான். கழற்றுவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை என்று கருவியை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குள் நடந்தார். நோயாளிகள் காத்திருக்கிற கூடத்துக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டார். ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்தார்.

முதல் நாற்காலியில் கொசு பாடியது. இரண்டாவது நாற்காலியிலும் பாடியது. வரிசை முழுக்கச் சுருளைக் கொண்டுபோனார், வரிசை முழுக்கப் பாடியது. பத்து நாளில் நம் கிளினிக்குக்கு இவ்வளவு வசதியான பேஷண்டுகளா என்றுதான் நான் முதலில் நினைத்தேன். நகை போட்டுக்கொண்டு வருகிறவர்களின் சத்தம் காதும் கழுத்தும் இருக்கிற உயரத்தில் வர வேண்டும். இது மடி உயரத்தில் வந்தது. எல்லோரும் எதையோ உள்ளங்கையில் பொத்திக்கொண்டு மடியில் வைத்து உட்கார்ந்திருக்கப் போகிறார்கள்.

அவர் அலமாரியைத் திறந்து பசை டப்பாவை எடுத்தார். அர்த்தநாரிக்குப் போட்ட அதே டப்பா.

"இதை எப்ப இருந்துங்க போடறீங்க?" என்று கேட்டேன்.

"இந்த வருசம் பூரா இதுதான்" என்றார். பிறகு, "பத்து நாள் கழிச்சு உனக்கு ஸ்கூல் லீவு போட முடியுமா செல்வி? டோக்கன் குடுக்க ஒரு ஆள் வேணும்" என்றார்.

கருவி அவர் கையில் தாழ்ந்து, வாசலோரத்துத் தனி நாற்காலிக்கு மேலே போய் நின்றது. ஸ்கூல் விட்டு வந்தால் நான் எப்போதும் உட்காருகிற நாற்காலி அது. அங்கேயும் ஒரு கொசு பாடியது. நான் ஹெட்போனைக் கழற்றினேன். என் நாக்கு தானாகவே கடைவாய்க்குப் போனது. கல்யாண நாள் தங்கம் லேசாக ஆடியது.